தேர் நிலைக்கு வந்த பிறகு: பழைய ஒலிம்பிக் அரங்குகளில் ஓர் உலா

சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கடைசிக் கட்டம் மறக்காது. தேர் நிலைக்கு வந்து சேரும் வேளையில் ஆயிரக்கணக்கான தேங்காய்கள் பறந்து வந்து சிதறும். ஆரவாரம் அடங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். வடத்தைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். தேர் மட்டும் அங்கேயே நிற்கும். அடுத்த வைகாசி வரை அது நின்றாக வேண்டும்.

தேர் ஓடுவது ஒரு நாள். நிற்பது முந்நூற்று அறுபத்து நான்கு நாள். ஓடும் நாளில் அதற்கு நேரும் தேய்மானம் கொஞ்சமே. நிற்கும் நாள்களில்தான் மழையும் வெயிலும் கரையானும் தம் வேலையைச் செய்கின்றன.

உலகின் மிகப் பெரிய விளையாட்டு விழாவான ஒலிம்பிக்கின் கதையும் இதுவேதான். விழா நடப்பது பதினாறு, பதினேழு நாள்கள். அதற்கெனக் கட்டிய அரங்குகளோ ஐம்பது, அறுபது ஆண்டுகள் நிற்க வேண்டும். பந்தம் அணைந்து, கொடிகள் இறங்கி, வீரர்கள் ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின் அந்த இடங்களுக்கு நாம் போனால் எதைக் காண்போம்? சில அரங்குகள் இன்றும் இளமையோடு இருக்கின்றன. சில பாழடைந்து கிடக்கின்றன. அதே சிமெண்ட், அதே எஃகு; முடிவில் மட்டும் இத்தனை வேறுபாடு ஏன்? ஒரு கற்பனைப் பயணமாகப் போய்ப் பார்த்து வருவோம்.

தில்லியில் தொடங்குவோம்

நம் நாட்டில் ஒலிம்பிக் நடந்ததில்லை. அதற்கு மிக அருகில் வருபவை தில்லியில் இருமுறை நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகள். முதலாவது ஆசியப் போட்டியே 1951 மார்ச் 4 முதல் 11 வரை தில்லியில்தான் நடந்தது. பதினோரு நாடுகள் கலந்துகொண்டன. அதற்கெனப் புதிய அரங்கம் எதுவும் எழுப்பப்படவில்லை. பவநகர் மகாராஜாவின் நன்கொடையால் 1933-ல் கட்டப்பட்டு, இர்வின் பெயரைத் தாங்கி நின்ற பழைய அரங்கையே செப்பனிட்டு 'தேசிய விளையாட்டரங்கம்' என்று பெயரிட்டார்கள். அதுவே 2002-ல் ஹாக்கி மேதை தயான் சந்தின் பெயரைப் பெற்றது. 2010-ல் உலகக் கோப்பை ஹாக்கியும் அங்கே நடந்தது. புது நாடு, கையில் பணமில்லை, இருப்பதைக் கொண்டு விழா நடத்தினார்கள். அந்தச் சிக்கனம் எவ்வளவு நல்லது என்பது இக்கட்டுரையில் போகப் போகத் தெரியும்.

1982-ல் நிலைமை வேறு. நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை நடந்த ஒன்பதாவது ஆசியப் போட்டிக்காகத் தில்லி தன் முகத்தையே மாற்றிக்கொண்டது. மேம்பாலங்கள் எழுந்தன, வீடுகளில் வண்ணத் தொலைக்காட்சி ஒளிர்ந்தது, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் புதிதாகக் கட்டப்பட்டது. பி.டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளிப் பதக்கம் வென்றது அங்கேதான். வீரர்கள் தங்குவதற்குச் சிரி கோட்டை அருகே கட்டட வல்லுநர் ராஜ் ரேவால் வடிவமைத்த குடியிருப்பு இன்றும் குடும்பங்கள் வாழும் இடமாக இருக்கிறது. வெயிலை மறைக்கும் குறுகிய சந்துகளும் சிறு முற்றங்களும் கொண்ட அதை வீரர்களுக்காக மட்டுமன்றி, பின்னால் வரப்போகும் குடும்பங்களையும் எண்ணிக் கட்டியிருந்தார்கள்.

நேரு அரங்கின் கான்கிரீட் படிக்கட்டுகளுக்கு வருவோம். இங்கே சற்று நின்று வேதியியல் பேச வேண்டும். ஏனெனில் உலகில் எந்தப் பழைய அரங்குக்குப் போனாலும் முதலில் கண்ணில் படும் நோய் ஒன்றுதான்.

செட்டிநாட்டுச் சுவரும் அரங்கின் தூணும்

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? பளிங்கு போல வழுவழுப்பாக இருக்கும். நன்றாக அரைத்த சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது அது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவர் இறுகுகிறது. காற்றே அதற்கு வலுவூட்டுகிறது எனலாம்.

கான்கிரீட்டுக்குள்ளும் இதே சுண்ணாம்பு உண்டு. இதே கரியமிலவாயு அங்கும் புகுகிறது. இதே வினைதான் நடக்கிறது. ஆனால் விளைவு நேர்மாறானது! காரணம், கான்கிரீட்டின் வயிற்றுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். எண் 12-க்கு மேல். அவ்வளவு காரமான சூழலில் கம்பியின் மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. சுண்ணாம்பு கரியமிலவாயுவுடன் சேரச் சேரக் காரம் குறைகிறது. பி.எச். 9 அளவுக்கு இறங்கியதும் காவற்படலம் கலைந்துவிடும். பிறகு ஈரமும் காற்றும் பட்டால் போதும், துரு தொடங்கிவிடும். துருவானது தான் தோன்றிய இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். உள்ளிருந்து உப்பிய கம்பி வெளியேயுள்ள கான்கிரீட்டை வெடித்துத் தள்ளுகிறது. பழைய கட்டடங்களின் தூண்களில் பழுப்புக் கறையும், நீளவாக்கில் வெடிப்பும், வெளியே தலைநீட்டும் கம்பியும் தெரிவது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. கரியமிலவாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தூணில் முதல் 4 ஆண்டுகளில் 5 மில்லிமீட்டர் ஆழம் புகுந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் ஆழம் போக 16 ஆண்டுகள் ஆகும். 15 மில்லிமீட்டருக்கு 36 ஆண்டுகள். 20 மில்லிமீட்டருக்கு 64 ஆண்டுகள். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் பல இடங்களில் 20, 25 மில்லிமீட்டர்தான். ஆகவே திறப்பு விழாவன்றும் அதன்பின் பல ஆண்டுகளும் எந்தக் குறையும் தெரியாது. அரங்கைத் திறந்துவைத்த அமைச்சர்களும் கட்டிய பொறியாளர்களும் ஓய்வுபெற்ற பிறகே நோய் வெளியே வரும்! கொத்தனார் கவனக் குறைவாகக் கம்பியை 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைத்துவிட்டால், அறுபது ஆண்டு ஆயுள் பதினாறு ஆண்டாகிவிடும்.

கயிற்றைக் கேட்போம்

தில்லியிலிருந்து மியூனிக் நகருக்குப் போகுமுன் சிங்கம்புணரிக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். இவ்வட்டாரம் தென்னை நார்க் கயிற்றுக்குப் பேர்போனது. நாரை எடுத்துப் பாருங்கள். ஓர் இழை மிகக் குட்டையானது. கையால் இழுத்தால் அறுந்துவிடும். அவற்றைத் திரித்துப் புரியாக்கி, புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் தேரையே இழுக்கும் வடமாகிவிடுகிறது. இழுக்க இழுக்க இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. உராய்வே அவற்றைக் கட்டும் பசை. புரியின் முறுக்கும் கயிற்றின் முறுக்கும் எதிரெதிராக இருப்பதால் ஒன்று அவிழ முயன்றால் மற்றது இறுகும். பாலங்களையும் அரங்கக் கூரைகளையும் தாங்கும் எஃகு வடங்களும் இப்படிக் கம்பிகளை முறுக்கிச் செய்தவையே.

கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு. அதை இழுக்கலாம், தள்ள முடியாது. இன்னொரு குணத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 10 மீட்டர் தொலைவிலுள்ள இரு தூண்களுக்கிடையே ஒரு கயிற்றைக் கட்டி, நடுவில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். கயிறு நடுவில் 1 மீட்டர் தொய்ந்தால் அதிலுள்ள இழுவிசை ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமம். தொய்வை 50 சென்டிமீட்டராகக் குறைத்தால் இழுவிசை 50 கிலோ; 25 சென்டிமீட்டராக்கினால் 100 கிலோ! தொய்வே இல்லாமல் நேர்கோடாக இழுக்க வேண்டுமானால் எந்தக் கயிறும் தாங்காது. கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டி ஈரச் சேலையைப் போட்டதும் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான்.

ஆகையால் கயிற்றால் கூரை போடுபவர் தொய்வை எதிரியாக நினைக்கக் கூடாது. அதை நண்பனாக்கிக்கொள்ள வேண்டும். 1972-ல் மியூனிக்கில் செய்தது அதைத்தான்.

மியூனிக்: ஐம்பதைக் கடந்த கூடாரம்

ஜெர்மனியின் மியூனிக் நகர ஒலிம்பிக் பூங்காவுக்குள் நுழைந்தால் கண்ணாடியால் ஆன மாபெரும் கூடாரங்கள் புல்வெளி மீது மிதப்பதுபோல் தோன்றும். கட்டட வல்லுநர் குந்தர் பேனிஷ், கூடார அமைப்பில் மேதையான ஃபிரை ஓட்டோ, பொறியாளர்கள் லியோன்ஹார்ட், ஆந்த்ரே, அவர்கள் நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞர் யோர்க் ஷ்லைக் ஆகியோர் சேர்ந்து உருவாக்கியது இது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 75,000 சதுர மீட்டர். நம் கணக்கில் பதினெட்டு ஏக்கருக்கு மேல். ஏறத்தாழ 80 மீட்டர் வரை உயர்ந்த எஃகுக் கம்பங்களில் எஃகு வடவலை தொங்குகிறது. வலைக்கண்ணின் அளவு 75 சென்டிமீட்டர். அதன்மேல் சுமார் 3 மீட்டர் சதுரமான அக்ரிலிக் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒளி ஊடுருவும் பலகையைத் தேர்ந்ததற்குச் சுவையான காரணம் ஒன்று உண்டு. வண்ணத் தொலைக்காட்சிக்காரர்கள் ஆடுகளத்தில் கரிய நிழல் விழக் கூடாது என்றார்கள்!

கயிற்று வலையைச் சும்மா தொங்கவிட்டால் காற்றில் படபடக்கும். அதைத் தடுக்க, வலையைக் குதிரைச் சேணம் போல் வளைத்தார்கள். ஒரு திசையில் ஓடும் வடங்கள் கீழ்நோக்கித் தொய்கின்றன. குறுக்கே ஓடும் வடங்கள் மேல்நோக்கி வளைகின்றன. இரண்டும் முன்கூட்டியே இறுக்கப்பட்டிருக்கின்றன. பனி அழுத்தினால் முதல் கூட்டம் தாங்கும். காற்று மேலே தூக்கினால் மற்றது பிடித்துக்கொள்ளும். கயிற்றுக் கட்டிலில் பாவும் ஊடும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வடிவத்தைக் கண்டுபிடிக்க ஃபிரை ஓட்டோ சோப்பு நீர்ப் படலங்களை வளைகம்பிகளில் விரித்துப் பார்த்தார். மெல்லிய கம்பிகளில் மாதிரிகள் செய்து அளந்தார். அவை போதாதென்று அந்நாளைய கணிப்பொறிகளையும் பயன்படுத்தினார்கள். செலவு முதல் மதிப்பீட்டைப் போல் பல மடங்கு ஆகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே போனால் என்ன காண்கிறோம்? மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வென்ற நீச்சல் குளத்தில் ஊர்க் குழந்தைகள் நீந்துகிறார்கள். வீரர் குடியிருப்பில் குடும்பங்களும் மாணவர்களும் வாழ்கிறார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கூரையின் மீதே நடந்து பார்க்க வழிகாட்டிகள் அழைத்துச் செல்கிறார்கள். பூங்காவிலுள்ள குன்று இரண்டாம் உலகப் போரில் இடிந்த வீடுகளின் இடிபாடுகளைக் குவித்து ஆனது. அதன்மேல் இன்று புல் மண்டியிருக்கிறது. 1972 செப்டம்பர் 5 அன்று குடியிருப்பில் நடந்த தாக்குதலில் தொடங்கி உயிரிழந்த 11 இஸ்ரேலியர்களுக்கும் ஒரு ஜெர்மானியக் காவலருக்கும் 2017-ல் நினைவிடம் திறக்கப்பட்டது. 2005-ல் நகரின் கால்பந்துக் குழுக்கள் புதிய அரங்கத்துக்குப் போய்விட்டபோதும் இது அனாதையாகவில்லை. 2022-ல் பல ஐரோப்பியப் போட்டிகள் ஒன்றாக இங்கே நடந்தன.

என் கருத்தில் இதன் நீண்ட ஆயுளுக்கு அழகைவிட முக்கியக் காரணம் வேறு. எல்லா உறுப்புகளும் வெளியே தெரிகின்றன. வடத்தில் துருவா, முடிச்சில் தளர்வா என்று ஏறிப் பார்த்துவிடலாம். அக்ரிலிக் பலகை மங்கிப் போனால் கழற்றி வேறு பூட்டலாம். அப்படியே பின்னாளில் பலகைகளை மாற்றியும் இருக்கிறார்கள். வலை அதேதான். ஓடு மாற்றும் வீடு போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மாண்ட்ரியல்: தைத்துத் தைத்து அலுத்த துணி

நான்கே ஆண்டுகள் பின்னால் கட்டிய அரங்கம் ஒன்றுக்கு இப்போது போவோம். 1976-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் நடந்தது. செயற்கைப் புல்தரையில் ஒலிம்பிக் ஹாக்கி ஆடப்பட்டது அங்கேதான் முதன்முறை. நம் அணி ஏழாவது இடத்துக்குப் போனதை மூத்தவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். ரோஜர் தயிபேர் என்ற பிரெஞ்சு வல்லுநரின் திட்டம் மிகத் துணிச்சலானது. 165 மீட்டர் உயரமுள்ள சாய்ந்த கோபுரம். அதிலிருந்து 26 வடங்கள். வடங்களின் நுனியில் ஒரே துணியாலான கூரை. வேண்டும்போது விரியும், வேண்டாதபோது குடைபோல மடிந்து கோபுரத்துக்குள் போய்விடும்.

விழா நடந்தபோது கோபுரமும் முடியவில்லை, கூரையும் இல்லை. 1987-ல்தான் கெவ்லார் துணியாலான கூரை வந்தது. கெவ்லார், இழுவிசையில் எஃகையே வெல்லும் இழை. ஆனால் சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் அதன் பலத்தைக் குறைக்கும். காற்றில் கிழிந்தது, தைத்தார்கள், மறுபடியும் கிழிந்தது. 1998-ல் மடியாத புதிய கண்ணாடி இழைத் துணியைப் போட்டார்கள். அடுத்த ஜனவரியிலேயே பனியின் எடை தாங்காமல் ஒரு பகுதி கிழிந்து உள்ளே விழுந்தது. கல்யாணப் பந்தலில் மழைநீர் தேங்கித் துணி தொப்பை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் தேங்கத் தேங்கப் பள்ளம் ஆழமாகும். பள்ளம் ஆழமாக ஆழமாக மேலும் நீர் வந்து தேங்கும். பனியும் அப்படித்தான். சற்றே இறுகிய பனி 10 சென்டிமீட்டர் படிந்தால் சதுர மீட்டருக்கு 20 கிலோ வரை எடை ஏறும். இறுதியில், 3 சென்டிமீட்டருக்கு மேல் பனி பெய்யும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அரங்கில் நிகழ்ச்சியே கூடாது என்று விதி செய்ய வேண்டிவந்தது. கிழிசல்களின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டியது. 2024-ல் கியூபெக் மாநில அரசு 87 கோடி கனடா டாலர் செலவில் வேறு கூரை போட முடிவு செய்தது.

அரங்கத்துக்காக வாங்கிய கடன் 2006-ல்தான் தீர்ந்தது. முப்பது ஆண்டுகள்! புகையிலை மீது போட்ட வரியும் அதற்குப் போயிற்று. 1976-ல் பிறந்த குழந்தை தனக்குக் குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பதினாறு நாள் விழாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஓர் ஆறுதல், பக்கத்திலிருந்த சைக்கிள் பந்தய அரங்கம். 1992-ல் அதைப் பல தட்பவெப்பக் காடுகளையும் விலங்குகளையும் காட்டும் உயிரியல் காட்சிக்கூடமாக மாற்றினார்கள். அங்கே கூட்டம் குறைவதில்லை.

ஆளில்லாத அரங்குகள்

செட்டிநாட்டில் திருமணத்துக்கு மட்டும் திறக்கும் பெரிய வீடுகளை வாசகர்கள் அறிவார்கள். யாராவது குடியிருக்கும் வீட்டில் ஒழுகினால் அன்றே தெரியும். பூட்டிய வீட்டில் தாழ்வாரத்துத் தகரக் குழாயில் சருகு அடைத்து, நீர் தேங்கி, உத்தரம் ஊறி, அடுத்த திருமணத்தின்போதுதான் தெரியவரும். சுவர் வெடிப்பில் காக்கை போட்ட அரசம் விதை ஒரு முழக் கன்றாகி நிற்கும். கட்டடங்களைக் கொல்வது பெரும்பாலும் புயலோ நிலநடுக்கமோ அல்ல. யாரும் பார்க்காத சருகு.

இதன் எல்லையைக் காண யுகோஸ்லாவியாவாக அன்று இருந்த சரயேவோவுக்குப் போக வேண்டும். 1984 பிப்ரவரியில் அங்கே குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. எட்டே ஆண்டில் போர் மூண்டது. டிரெபேவிச் மலைச் சரிவிலுள்ள பனிச்சறுக்கு வண்டிப் பாதையைப் பீரங்கி வைக்கும் அரணாகப் பயன்படுத்தினார்கள். செட்ரா உள்ளரங்கம் பிணவறையாயிற்று. அதன் மர இருக்கைகளைப் பெயர்த்துச் சவப்பெட்டி செய்தார்கள். இறந்தவர்களைப் புதைக்க இடமின்றி அரங்கின் அருகே இருந்த மைதானம் இடுகாடானது. உள்ளரங்கம் 1999-ல் மறுபடி கட்டப்பட்டது. மலைமேலுள்ள கான்கிரீட் பாதை பாம்புச் சட்டைபோல் இன்னும் காட்டுக்குள் வளைந்து கிடக்கிறது. இளைஞர்கள் அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். வெடிப்பில் புகுந்த நீர் குளிரில் உறைந்து, நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்து, வெடிப்பை அகலமாக்குகிறது. உறைபனி நமக்கு இல்லை. அந்த வேலையை நம் ஊரில் அரசங்கன்றின் வேர் செய்துவிடும்.

ஏதென்ஸ் நகரில் இரண்டு அரங்குகளை ஒரே நாளில் பார்க்கலாம். ஒன்று 2004 ஒலிம்பிக்குக்காகப் பெரும் எஃகு வளைவுகளில் கூரை தொங்கவிட்ட அரங்கம். கூரையின் உறுதி போதாது என்று ஆய்வில் தெரிந்ததால் 2023 செப்டம்பரில் அதை மூட வேண்டிவந்தது. வயது பத்தொன்பதுதான். மற்றது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹெரோதஸ் அத்திகஸ் சலவைக்கல்லால் கட்டியது. 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக்குக்காகப் புதுப்பித்தது. இன்றும் மாரத்தான் ஓட்டம் அங்கே முடிகிறது. அதற்குள் துருப்பிடிக்க இரும்பும் இல்லை, கிழிய கூரையும் இல்லை. இதிலிருந்து எல்லாவற்றையும் கல்லில் கட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அறுபதாயிரம் பேருக்கு நிழல் தரக் கல்லால் முடியாது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கமோ வேறு வழி காட்டுகிறது. 1923-ல் திறந்தது, 1932-லும் 1984-லும் ஒலிம்பிக்கின் தலைமை அரங்கம், 2028-க்கும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நடுவிலுள்ள ஆண்டுகளில் பல்கலைக்கழக மாணவர்களின் கால்பந்து அங்கே நடந்துகொண்டே இருந்தது. 1984-ல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42 விநாடியில் ஓடி, நூற்றில் ஒரு விநாடியில் பதக்கத்தை இழந்தது அந்த மண்ணில்தான்.

மீண்டும் தில்லி

பயணத்தைத் தொடங்கிய நேரு அரங்குக்கே வந்துவிட்டோம். 2010 காமன்வெல்த் போட்டிக்காக அதற்குப் புதிய கூரை வந்தது. வடிவமைத்த பொறியியல் நிறுவனங்களில் ஒன்று, மியூனிக் கூரையில் உழைத்த அதே யோர்க் ஷ்லைக் தொடங்கியது. கல்கத்தாவில் 1992-ல் திறந்த வித்யாசாகர் பாலத்தின் 457 மீட்டர் நடுக்கண்ணை வடங்களில் தொங்கவிட்ட திட்டமும் அவருடையதே. ஆனால் மியூனிக்கின் கூடாரத்துக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே வடங்களின் இழுப்பைத் தாங்க மண்ணுக்குள் கனத்த அடிமானங்கள் புதைத்திருக்கிறார்கள், கூடாரத்துக்கு முளை அடிப்பதுபோல. தில்லியில் முளையே இல்லை!

சைக்கிள் சக்கரத்தைப் படுக்கவைத்துப் பாருங்கள். ஒல்லியான கம்பிகள் எல்லாம் அச்சை நோக்கி இழுபட்டிருக்கின்றன. வெளிவளையம் அந்த இழுப்பால் உள்நோக்கி நெருக்கப்படுகிறது. வட்டமாக இருப்பதால் நசுங்காமல் நிற்கிறது. விசைகள் சக்கரத்துக்குள்ளேயே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. நேரு அரங்கின் கூரை அப்படிப்பட்ட சக்கரமே: வெளியே அழுத்தம் தாங்கும் எஃகு வளையம், உள்ளே இழுப்பைத் தாங்கும் வட வளையம், நடுவே ஆரங்களாக வடங்கள், அவற்றின்மேல் டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணி. 1982-ல் கட்டிய கான்கிரீட்டுக்கு மேலே 2010-ன் சக்கரம் வந்தது.

சென்னைக்குப் போகும் மாணவர்கள் 1993-ல் கட்டப்பட்டு, 1995 டிசம்பரில் தெற்காசியப் போட்டிகள் நடந்த அங்குள்ள நேரு அரங்கையும் இந்தக் கண்ணோடு சுற்றிப் பார்க்கலாம். ஆடுகளத்தைப் பார்க்கும் முன் படிக்கட்டுகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மழைநீர் வடியும் வாய் எங்கே, அதில் சருகு உண்டா, பழுப்புக் கறை எங்காவது இறங்குகிறதா, பழுதான உறுப்பைக் கழற்ற ஆள் ஏறிப் போக வழி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு இப்போது அவசரம் உண்டு. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரில் எழுத்து மூலம் தெரிவித்தது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்பது 2025 நவம்பரில் முடிவாயிற்று. அதே மாதத்தில், தில்லி நேரு அரங்கைப் பிரித்துவிட்டு அந்த 102 ஏக்கரில் விளையாட்டு நகரம் ஒன்றை அமைக்கும் திட்டத்தையும் மத்திய விளையாட்டுத் துறை வெளியிட்டது. கட்டிய நாற்பத்து மூன்றாம் ஆண்டில், புதிய கூரை போட்ட பதினைந்தாம் ஆண்டில்.

இத்தகைய அரங்கைப் பிரிப்பதிலும் பொறியியல் இருக்கிறது. கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கலாம். உள்ளே இருக்கும் கம்பியை உருக்கலாம். துணியைச் சுருட்டி எடுத்துவிடலாம். வடங்களிடம் மட்டும் அவசரம் கூடாது. ஒரு பக்கத்து வடத்தைப் பட்டென்று வெட்டினால், கம்பி அறுந்த சைக்கிள் சக்கரம்போல் வளையம் முழுவதும் கோணிக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாக, பூட்டிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். கயிற்றுக் கட்டிலைப் பிரித்துப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல.